முன்னாடி கை வச்ச ஆளு

பானெட்டைத் தூக்கினதும் நீலமேகம் கேட்கிற முதல் கேள்வி, "முன்னாடி எவன்யா இதுல கை வச்சது?" என்பதுதான். கார்க்காரர் பதில் சொல்ல வாயெடுத்தாலும் காதில் வாங்க மாட்டார். தலையை உள்ளே விட்டுக்கொண்டு, அங்கே இல்லாத ஆளோடு மல்லுக்கு நிற்பார். "ஏன்டா, இன்சுலேஷன் டேப்பு வாங்கக்கூட வக்கில்லயா? புண்ணுக்குப் போடற பிளாஸ்திரியச் சுத்தி வச்சுகீற? வயருக்கு இன்னா அடிபட்டுச்சா?"

முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டாத மெக்கானிக் எங்கேயாவது உண்டா? தையல்காரர் திட்டுகிறார், கொத்தனார் திட்டுகிறார், டாக்டர்கூட முன்னால் பார்த்த டாக்டரின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி உதட்டைப் பிதுக்குகிறார். ஆனால் மற்றவர்கள் இரண்டு வார்த்தையோடு விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நீலமேகம் விடமாட்டார். காலையில் பிடித்த ஆளைக் கடை சாத்துகிற வரைக்கும் வறுத்தெடுப்பார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. "அவசரம்ணா, கஸ்டமர் நின்னுகினு இருந்தாரு" என்று அந்த ஆள் சார்பாக ஒரு சமாதானம் சொல்வார். "அவசரமா? ஷார்ட்டாகி வண்டி எரிஞ்சா அவசரமா தண்ணி ஊத்துவியா?" என்று அதற்கு ஒரு மறுப்பும் சொல்வார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட கடை. முன்னால் வேலை, பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் வாசம். அங்கேதான் குடித்தனம். குடித்தனம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அவருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த சமயத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். வருஷம் கழியட்டும் என்றார்கள். வருஷம் கழிந்தது. அதற்கப்புறம் மறுபடி ஆரம்பிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவருக்கும் "எனக்குப் பாருங்க" என்று வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. அப்படியே ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

எதிர்ச்சாரியில் எல்லம்மாள் டிபன் கடை வைத்திருக்கிறாள். இட்லித் தட்டை நீட்டும்போது, "இன்னாண்ணா, காலைலயே யாராண்ட சண்டை?" என்று கேட்பாள்.

"இந்த மாருதில கை வச்சவனாண்ட. படுபாவி, ஹாரன் வயரையும் லைட்டு வயரையும் ஒண்ணா முறுக்கி வுட்டுகிறான்."

"அவன் இங்கயா கீறான்?"

"எங்க கீறானோ, யாருக்குத் தெரியும்."

அதோடு முடிந்தது. அவளுக்கு அடுத்த ஆளுக்கு வடகறி ஊற்ற வேண்டும். நீலமேகத்தின் ஒரு நாளில், எதிரே ஆள் நின்று பேசுகிற பேச்சு கிட்டத்தட்ட இவ்வளவுதான். வேலை கொண்டு வருகிறவர்கள் "எப்ப ரெடியாவும்?" என்பார்கள், போய்விடுவார்கள். ஒரு தடவை ஒருவர் சாவியை நீட்டினபோது இவர் அந்த வண்டியின் கோளாறை விளக்கப் போக, அவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்று இவருக்குத் தெரியும். மனுஷன் தப்பித்துக்கொள்ள வேறு வழியில்லாமல் அப்படிச் செய்கிறான். இவர் சும்மா சாவியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பழைய பியட் வந்தது.

கொண்டு வந்தவன் பிரவின்குமார் என்று ஒரு இளைஞன். மாமல்லபுரத்தில் கல்யாண ஜோடிகளைக் கடற்கரையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் இல்லையா, அவர்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறான். வெளியே பார்த்தால் கார் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பால் வெள்ளை, மேலே கறுப்பு. பெயின்ட்டில் ஒரு கொப்புளம் கிடையாது. ஆனால் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் முன் விளக்கு மினுக்குகிறது, பிரேக் மிதித்தால் பாட்டுப் பெட்டி நின்றுபோகிறது, ஹாரன் தனக்குத் தோன்றினபோது அடிக்கிறது.

"போன வாரம் பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் சாஞ்சு போஸ் குடுக்கும்போது ஹாரன் அடிச்சிடுச்சுண்ணா. பொண்ணு அலறிட்டா. கம்பெனில வந்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே வேணும். எக்ஸ்ட்ராவா எது இருந்தாலும் பிடுங்கிடுங்க."

"வுட்டுட்டுப் போ. பொறுமையாத்தான் ஆவும்," என்றார் நீலமேகம்.

அவன் போனதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். அடித்ததும் சந்தோஷமாகிவிட்டது. எவனோ பாட்டுப் பெட்டி மாட்டுகிறேன் என்று நல்ல வயர்களை நடுவிலே வெட்டி, பல்லால் தோலுரித்து, முறுக்கி, அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தான். எர்த்து வயர்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்கிற முடிச்சையே அறுத்து, ஒரு திருகாணியில் சும்மா கொக்கி போட்டு வைத்திருந்தான். எர்த்து சரியில்லை என்றால் கரண்டுக்கு வீடு திரும்ப வழி தெரியாது. கண்ட விளக்கிலும் நுழைந்து போகப் பார்க்கும். மினுக்கலுக்கும் ஹாரனுக்கும் காரணம் அதுதான்.

"வாடா என் ராசா," என்று ஆரம்பித்தார். "பாட்டு கேக்கற மூஞ்சப் பாரு. உன்ன எல்லாம் வயரைத் தொட வுட்டானே, அவனைச் சொல்லணும்." அன்றைக்கு முழுக்க அந்தப் பாட்டுப் பெட்டிக்காரனுக்கு நல்ல வரும்படி.

மறுநாள் அவன் போட்ட குப்பையையெல்லாம் எடுத்த பிறகு, உள்ளே இன்னொரு கை தெரிந்தது.

அது கம்பெனி வயரிங் இல்லை. கம்பெனியில் வந்தது எப்போதோ உளுத்துப் போயிருக்க வேண்டும். யாரோ ஒரு ஆள் மொத்த வயர்க் கட்டையும் புதிதாகச் செய்து போட்டிருந்தார். நீலமேகம் வழக்கப்படி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. திட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை.

டேப்பு சுற்றுக்குச் சுற்று பாதிக்குப் பாதி ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல் போயிருந்தது. கிளை பிரிகிற இடத்திலெல்லாம் இரண்டு பக்கமும் அணைத்து ஒரு சுற்று. கதவோரம் வளைகிற இடத்தில் கொஞ்சம் தொய்வு. ஒவ்வொரு வயரின் முனையிலும் விரற்கடை நீளம் கூடுதலாக மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் நீலமேகத்துக்கு என்னவோ செய்தது. வயரைச் சிக்கனமாக வெட்டுகிறவன்தான் ஊரில் அதிகம். பின்னால் எவனாவது வந்து ரிப்பேர் பார்க்கும்போது வெட்டி இணைக்க நீளம் வேண்டுமே என்று எவன் நினைக்கிறான்? இந்த ஆள் நினைத்திருக்கிறார். எர்த்து முனைகளில் உப்புக்காற்று ஏறாமல் கிரீஸ் தடவி, அதற்கு மேல் ரப்பர் உறை போட்டிருக்கிறார். கடலோரத்து ஆள், சந்தேகமே இல்லை.

வெகு நேரம் மல்லாந்தே கிடந்தார். கடையில் சத்தமே இல்லை. எதிர்க்கடையிலிருந்து எல்லம்மாள், "அண்ணா, உசுரோட கீறியா?" என்று குரல் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவர் பேச்சே மாறிப்போனது. வெட்டுப்பட்ட வயர்களை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் எல்லாம் வெளுத்து, சிவப்பும் பழுப்பும் ஒன்றாகிவிட்டன. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, தோலை லேசாகச் சுரண்டி அடிநிறம் பார்த்து, ஒரு முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து மறுமுனையைத் தேடி, கிடைத்ததும் வெள்ளை டேப்பில் பேரெழுதி ஒட்டி, இப்படி ஒவ்வொன்றாக வந்தார். வருகிறபோதே அந்த ஆளிடம் பேசிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை மரியாதையாக.

"அண்ணாத்த, இத்த ஏன் நேரா வுடாம சுத்திக் கொண்டாந்த? ஓ, வைப்பர் மோட்டாரு சூடு படும்னு. சர்தான். நானா இருந்தா நேரா வுட்டுட்டு அப்பறம் அனுபவிச்சிருப்பேன்."

பிறகு இன்னொன்று கவனித்தார். டேப்பு சுற்றின திசை தலைகீழ். வலது கைக்காரன் சுற்றினால் இப்படி வராது. "எடது கையா நீ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆணி அடித்த பலகையில் கார் வயரை ஓட்டிக் கட்டுகிற கம்பெனிகள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கின்றன. கிளைகள் இவ்வளவு சீரான இடைவெளியில் வருகிறது என்றால் அங்கே நின்று பழகின ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஆக, கம்பெனியில் இருந்தவர், கடலோரத்துக்காரர், இடது கைக்காரர். ஆளே எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மாதிரி ஆகிவிட்டது நீலமேகத்துக்கு. வெட்டுப்பட்ட இடங்களை ஈயம் வைத்து இணைத்து, மேலே டேப்பைத் தானும் இடது பக்கமாகவே சுற்றினார். கை ஒத்துழைக்கவில்லை. பிரித்துப் பிரித்துச் சுற்றினார். அந்த ஆள் பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

வேலை முடிகிற சமயத்தில்தான் அந்தக் கூத்து அகப்பட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் ஓரத்தில், கை தொங்கவிட்டால் விரல் படுகிற இடத்தில், வீட்டு வாசலில் மாட்டுகிற காலிங் பெல் சுவிட்ச் ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, டேஷ்போர்டுக்குள் ஒழுங்காக ஓடி, ஸ்டீயரிங் கம்பத்தின் மேல், டிரைவர் கண்ணுக்கு நேரே வந்து முடிகிறது. முடிகிற இடத்தில் ஒன்றும் இல்லை. காலி ஹோல்டர்.

நீலமேகம் எழுந்து உட்கார்ந்து தொடையில் தட்டினார். "மாட்டினியா அண்ணாத்த! காருக்குள்ள எவன்யா காலிங் பெல் வைப்பான்? யாரு வந்தா கதவத் தொறக்க?" அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாளும் அந்த ஆளுக்கு முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இப்போது சமமாகிவிட்டது. கேலி பண்ண ஒன்று கிடைத்தால்தானே சிநேகிதம்? எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம் என்று பையனும் சொல்லியிருந்தான். வயரை இரண்டு பக்கமும் வெட்டி, சுவிட்ச்சோடு உருவி எடுத்துச் சுருட்டி வைத்தார்.

பிரவின்குமார் வண்டி எடுக்க வந்தான். எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தான், ஹாரன் அடித்துப் பார்த்தான், திருப்தி.

"தம்பி, இந்த வண்டி யாராண்ட வாங்கின?"

"புதுப்பட்டினத்துல ஞானதாஸ்னு ஒருத்தர் வண்டிண்ணா. பெயின்டராம். நான் ஆளப் பாக்கல, புரோக்கர்தான் முடிச்சுக் குடுத்தாரு. ஏன், எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. அந்த ஆளப் பாக்கணும்."

"எதுக்கு?"

எதுக்கு என்று நீலமேகத்துக்குச் சொல்ல வரவில்லை. "சும்மா," என்றார்.

வண்டி போன பிறகு கடை வெறிச்சென்றிருந்தது. அடுத்து ஒரு ஆட்டோ வந்தது. உள்ளே படுமோசமான வேலை. திட்ட வாய் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு, பதில் சொல்லக்கூடிய ஒரு ஆள் பஸ் ஏறினால் பார்க்கிற தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு சுவர் பிடிக்கவில்லை. ஏன் வளைத்தாய் என்று கேட்டால் ஏன் என்று சொல்வார். தான் செய்ததைச் சொன்னால் அதில் குற்றம் கண்டுபிடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பாட்டுப் பெட்டிக்காரனைத் திட்டலாம். இந்த ஒன்றுக்காக அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எல்லம்மாள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். "ஐயோ! இன்னாண்ணா இது, பொண்ணு பாக்கப் போறியா?"

"ஒரு ஃபிரண்டப் பாக்கப் போறேன்," என்றார் நீலமேகம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே காது சுட்டது.

திருக்கழுக்குன்றம் தாண்டி, பஸ் ஆடிக்கொண்டு போயிற்று. மடியில் மஞ்சள் பை. அதில் சுருட்டின வயரும் காலிங் பெல் சுவிட்ச்சும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'வணக்கம், நான் செங்கல்பட்டுலேந்து வரேன்.' சே, கடன் கேட்க வந்தவன் மாதிரி இருக்கிறது. 'உங்க பியட்டுல நான்தான் இப்ப கை வச்சேன்.' இது பரவாயில்லை. அப்புறம் எல்லாம் பேசி முடித்து, டீ குடித்து, கடைசியில் பையைத் திறந்து, 'எல்லாம் சர்தான் அண்ணாத்த, இது இன்னா கூத்து?' என்று கேட்க வேண்டும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

புதுப்பட்டினத்தில் இறங்கி, பெயின்டர் ஞானதாஸ் வீடு எது என்று டீக்கடையில் விசாரித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்தி இவரைப் பார்த்தார். "சர்ச்சுக்குப் பின்னாடி, நீலக் கதவு," என்றார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. வாசலில் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, நாற்பது தாண்டின ஒரு பெண்மணி அதோடு போராடிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கண்ணை எடுக்காமல்.

"பெயின்டர் ஞானதாஸ் வூடு இதானா மா?"

"ஆமா."

"அவரு கீறாரா?"

"இல்லண்ணா. அவரு தவறிப்போய் ரெண்டு வருசமாவப் போவுது. நான் அவரு சம்சாரம், சாராள்."

நீலமேகம் வாசலிலேயே நின்றார். முன்பின் பார்க்காத ஆள் செத்துப்போனதற்கு எவ்வளவு வருத்தப்படலாம்? இத்தனை நாளும் செத்தவனோடா பேசிக்கொண்டிருந்தோம்? வழக்கம்போலத்தான், இதில் என்ன புதுசு என்று அவருக்கே அவர் மேல் கோபம் வந்தது.

"உக்காருங்கண்ணா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா. சும்மாதான் வந்தேன். அவரு செஞ்ச ஒரு வேலையப் பாத்தேன், அதான்."

"பெயின்ட்டா?"

"இல்ல, வயரிங்கு."

அவள் குனிந்து சைக்கிளின் கைப்பிடியில் விட்ட இடத்திலிருந்து டேப்பைச் சுற்றினாள். பாதிக்குப் பாதி ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல், தலைகீழ்த் திசையில். இடது கையால்.

நீலமேகம் அந்தக் கையையே பார்த்தார். "அம்மா," என்றார். "அந்த பியட்டு வயரிங்கு நீங்க பண்ணதா?"

"ஆமா. தகரம், பெயின்ட்டு எல்லாம் அவரு. வயரு நானு. காயலான் கடையிலேந்து எலும்புக்கூடா இழுத்துகினு வந்தோம் அந்த வண்டிய."

"நீங்க சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனில இருந்தீங்க."

"பலகையில வயரு கட்டிகினு இருந்தேன். எடது கைக்காரின்னு சூப்பர்வைசர் கத்திகினே இருப்பாரு. ஆள் கொறைச்சப்ப என்ன வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப டவுன்ஷிப்புல ரெண்டு வூட்டுல சமையல் பண்றேன். உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நீலமேகம் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், பேசினார். வைப்பர் மோட்டாரைச் சுற்றி வயர் போனதைப் பேசினார், கிரீஸ் தடவினதைப் பேசினார், விரற்கடை நீளம் கூடுதலாக விட்டிருந்தாளே, அதை மூன்று தடவை பேசினார். பாட்டுப் பெட்டிக்காரனின் அக்கிரமத்தைச் சொன்னார். சாராள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பதில் சொன்னாள். ஆனால் அவர் பேசுகிற வரைக்கும் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இப்படி ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டதில்லை. அந்த வாசலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் அவர் இருபது வயசுப் பையனாக இருந்தார்.

அந்தக் குஷியில் பையைத் திறந்தார். ஆள் மாறினாலும் ஒத்திகை மாறவில்லை.

"எல்லாம் சர்தான்மா. ஆனா இது இன்னா கூத்து? காருக்குள்ள காலிங் பெல்லு! வெட்டிக் கழட்டிட்டேன்."

சுவிட்ச்சை அவள் கையில் வைத்தார். சிரிப்பதற்குத் தயாராக அவள் முகத்தைப் பார்த்தார்.

சாராள் சிரிக்கவில்லை. சுவிட்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட வயர் முனையைப் பெருவிரலால் தடவினாள்.

"அவருக்குக் காது கேக்காதுண்ணா," என்றாள். "பொறவியிலேயே. பேச்சும் கெடையாது. கையாலதான் பேசுவோம். லைசென்ஸ் வாங்க நாயா அலைஞ்சோம். பகல்ல வண்டி ஓட்டும்போது திரும்பி என் கையப் பாப்பாரு, திட்டுவேன். ராத்திரில கையே தெரியாது. கல்யாணத்துக்கு, கோயிலுக்குன்னு எங்கனா போயிட்டு வரும்போது இருட்டுல ரெண்டு பேரும் ஊமையா உக்காந்துகினு வரணும். அதான் இத்த வச்சேன். நான் அமுக்கினா அவரு கண்ணெதுருல ஒரு சின்ன பல்பு எரியும். ஒரு தபா அமுக்கினா நிறுத்து. ரெண்டு தபா அமுக்கினா மெதுவா போ. வேற ஒண்ணும் கீது, அது எங்களுக்குள்ள."

நீலமேகம் டம்ளரைக் கீழே வைத்தார். "பல்பு?" என்றார், என்ன கேட்பது என்று தெரியாமல்.

"வண்டிய விக்கணும்னு அப்பவே தெரியும். கழட்டி, பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவரு சட்டைப் பையில போட்டு அனுப்பிட்டேன்."

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம். இந்த வண்டியில் அவள் செய்த எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் தப்பு என்று நினைத்தோமே. தொடையில் தட்டிச் சிரித்தோமே. இரண்டு பேர் பேசிக்கொண்ட வாயைக் கத்தரி வைத்து வெட்டியிருக்கிறோமே. நீலமேகத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. "நான் திரும்ப மாட்டிடறேன்மா. நாளைக்கே அந்தப் பையனைப் புடிச்சு..."

"வேணாம்ணா. மாட்டி யாரு அமுக்கறது? யாரு பாக்கறது?"

பதில் இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நீலமேகத்துக்கு அது மட்டும் வராது. சங்கடம் வந்தால் அவருக்குப் பேச்சுதான் வரும். "இல்லமா, நான் கேட்டிருக்கணும், யாராண்டயாச்சும் கேட்டிருக்கணும், நான் எங்க போய்க் கேக்கறது, எங்கடையில யாரு கீறாங்க, எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பாட்டுப் பெட்டிக்காரன்மா, அவன் எர்த்த அறுக்காம இருந்தா வண்டி எங்கிட்டயே வந்திருக்காது, ஒரு தபா ஒரு வேன்ல இப்டித்தான் ஒருத்தன்..." பேச்சு ஓட ஓட வேகம் கூடியது. நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது, பிரேக் இல்லை.

டிக்.

நீலமேகம் நடு வார்த்தையில் நின்றார்.

சாராளின் பெருவிரல் சுவிட்ச்சின் மேல் இருந்தது. அமுக்கினது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சுவிட்ச்சைப் பார்த்தாள், நின்றுபோன அவர் வாயைப் பார்த்தாள். அப்புறம் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதாள், அந்த வீட்டில் சத்தமாக அழுது பழக்கமில்லை. நீலமேகம் நாற்காலி நுனியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சர்ச்சுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, எழுந்து போகத் தைரியம் வரவில்லை. இனிமேல் இந்த வாசலில் தனக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. நீலமேகம் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். சாராள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, பழையபடி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு வேனுன்னீங்களே," என்றாள். "அப்பறம் இன்னா ஆச்சு? மெதுவா சொல்லுங்கண்ணா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நீலமேகம் செருப்போடு அப்படியே உட்கார்ந்தார். சொல்ல வாயைத் திறந்தார். அந்த வேன், அதில் கை வச்சவன், எல்லாம் மறந்துபோய்விட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஒரு வார்த்தை வரவில்லை.

சாராள் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.